பனியன் போட்ட அபூ ஷாதி

எகிப்தின் மன்சூரா நகரத்துப் பள்ளிச் சீருடைகளில் பாதிக்குப் பொத்தான் தைத்தவள் இன்ஸாஃப். அவள் தைக்க, பிள்ளைகள் பிய்க்க, பிழைப்பு நன்றாகவே ஓடியது. நாற்பது தாண்டியதும் ஓவியக் கிறுக்கு பிடித்து, பண்பாட்டு மன்றத்து மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஆண்டுக் கண்காட்சிக்குத் தன் அடுக்களையையே வரைந்துவிட்டாள். தரையில் மகன் ஷாதி பூண்டு உரிக்கிறான். மகள் அந்தத் தோலை அவன் தலையிலேயே போடுகிறாள். கணவர் ஹில்மி ஓட்டைப் பனியனோடு முலூக்கியா கீரையைப் பொடிப்பொடியாகக் கொத்துகிறார்.

ஹில்மி நகராட்சியில் தலைமை எழுத்தர். டை கட்டாமல் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார். படத்தைப் பார்த்தவர் கத்தவில்லை. டை முடிச்சை இறுக்கிக்கொண்டு, ஊர் வழக்கப்படி ஷாதியின் அம்மா என்றே அவளை அழைத்தார்.

"உம்மு ஷாதி, இதை நாலு பேர் பாத்தா என் மானம் கப்பலேறிடும். வரவேற்பறையில உக்கார வச்சு வேற வரை."

வாழ்நாளில் அவள் செய்ததில் இது ஒன்றுதான் அப்படியே உயிரோடு வந்திருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனாலும் வரவேற்பறைச் சாவியை எடுத்துவந்தாள்.

விருந்தாளிகளுக்கென்றே பூட்டிவைத்த அறை அது. பொன்முலாம் நாற்காலிகள் கல்யாணத்தன்று போட்ட பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. வீட்டார் யாரும் அவற்றில் உட்கார்ந்ததில்லை. ஷாதி உட்கார்ந்ததும் உறை ஒரு சத்தம் போட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஹில்மிக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இன்ஸாஃப் வேண்டுமென்றே மெதுவாக வரைந்தாள்.

"கொஞ்சம் சிரிங்களேன், அபூ ஷாதி."

"பல்லு புடுங்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கேன். எங்கேருந்து சிரிக்கிறது?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் தாளை எட்டிப் பார்த்தார். யார் வீட்டு ஆட்கள் இவர்கள் என்று கேட்டார். அவள் தூரிகையைக் கழுவப் போனாள். அவர் டையைத் தளர்த்தினார். பழையதையே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் வரப்போவதில்லை என்றார்.

வந்தார். கோட்டும் டையுமாகக் கடைசித் தூணுக்குப் பின்னால் பதுங்கி நின்றார். படத்தின் முன் பெண்கள் கூட்டம். எதிர்வீட்டு உம்மு வஜீஹ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இதே ஓட்டைப் பனியன்தான். ஆனா கீரை நறுக்கச் சொன்னா, கத்தி எங்கன்னு கேப்பாரு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தூணோடு தூணாக நின்றவர் மெல்ல நகர்ந்து முன்னால் வந்தார். கீரையை எப்படிக் கொத்த வேண்டும் என்று ஹில்மி எல்லாருக்கும் விளக்க ஆரம்பித்தார். வாழ்த்த வந்தவர்களைக் கட்டிக்கொள்ள இன்ஸாஃபுக்கு வசதியாக, அவளுடைய கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

தங்கள் வீட்டையும் வரைந்து தரச் சொல்லிச் சிலர் அவளைச் சூழ்ந்தார்கள்.

"வரைஞ்சு தரேன். ஆனா எப்போ வருவேன்னு சொல்லிட்டு வரமாட்டேன்," என்றாள் இன்ஸாஃப்.

பின்னால் நின்ற கணவன்மாரின் முகம் வெளுத்தது.