கடப்பாக்கல் மேடையின் உயரம்

கடப்பாக்கல் வியாபாரத்தில் கல்லை விற்பது சுலபம். வாங்கிப்போனவர் அதை வீட்டில் எப்படி நிறுத்தப்போகிறார் என்ற கவலையைத்தான் கடைக்காரன் இலவசமாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அடுப்படியில் புது மேடையை நாமே போட்டுவிடலாமா, கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நீங்களும் காப்பியை ஆறவிட்டிருப்பீர்கள். நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் என் கடை. கூரை என்று ஒன்று சின்னதாக உண்டு, மற்றதெல்லாம் வெட்டவெளி. கற்கள் மரச்சட்டத்தில் சாய்ந்து வரிசையாக நிற்கும். மதிய நேரத்தில் மில் பக்கமிருந்து பறந்து வருகிற பஞ்சு அந்தக் கறுப்பின்மேல் வந்து உட்காரும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால்தான் கல்லின் நிறம் தெரியும். ஊற்றியதும் கல் கொஞ்ச நேரம் கண்ணாடியாகிவிடும். வாங்க வந்தவர் முதலில் அதில் தன் முகத்தைப் பார்ப்பார். பிறகு பார்வை உள்ளே போய்விடும். இன்னும் கட்டாத ஓர் அடுப்படி அங்கே அவருக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் காய்ந்த பிறகுதான் விலை சொல்வேன்.

பம்பாயில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஊர் திரும்பியவன் நான். பாதிப் படிப்பு இங்கே தமிழில், மீதி அங்கே இங்கிலீஷில். அதனால் கிச்சன் என்று சொன்னால் என் மனதில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். அடுப்படி என்று சொன்னால் உட்கார்ந்திருப்பாள். கேஸ் அடுப்பு ஊருக்குள் வரத் தொடங்கிய இந்த வருஷங்களில், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததற்கும் நின்றதற்கும் நடுவில்தான் என் வியாபாரம்.

என் வீட்டுக்கும் கேஸ் வந்தது. சிலிண்டர் மூலையில் விருந்தாளி மாதிரி நின்றது. அடுப்பு அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவில்லை. என் மனைவி செல்லக்கனி தரையில் உட்கார்ந்து விறகடுப்பில் சமைத்து முடித்து, ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் சுவரையும் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். மேடை போட்டாக வேண்டும். அதை என் கையால் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் பம்பாயில் இருந்த காலமெல்லாம் அந்த வீட்டை அவள்தான் நடத்தினாள். சுவரில் இருப்பது அவள் அடித்த ஆணி, கொல்லையில் நிற்பது அவள் ஊன்றிய முருங்கை. என் கை பட்டது என்று அங்கே எதுவுமில்லை. ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். தப்பாகப் போட்டுவிட்டால் அவள் காலமெல்லாம் அதன் முன்னால் குனிய வேண்டும் அல்லது எக்க வேண்டும் என்ற பயமும் கூடவே இருந்தது. ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் நாள் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வந்து போனவர்கள் இவர்கள்.

மீடியம்

புதியம்புத்தூரிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். ரெடிமேட் சட்டை தைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். கழுத்தில் இஞ்சு டேப் கிடந்தது. பஸ்ஸிலும் அதோடேதான் வந்திருக்கிறார். கத்தரி பிடிக்கிற கைக்குக் கொத்தனார் கரணை பிடிக்க வராதா, மேடையை நானே கட்டிக்கொள்கிறேன் என்றார். எந்த உயரத்தில் என்று கேட்டேன். தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினார். சமைக்கப்போவது நீங்களா என்றேன். இல்லை, வீட்டில் அவிய, என் சம்சாரம் என்றார். அப்படியானால் அவிய என்ன உயரம்?

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். கொஞ்சம் இழுத்துக் காற்றில் பிடித்தார். எதிரே ஒரு பெண் நிற்பதுபோல, தோள் எங்கே, முழங்கை எங்கே என்று அவர் கண் தேடியது. சாலையில் ஒரு லாரி போனது. பஞ்சு எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அவருக்கு யாரும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் நின்று நானும் என் பங்குக்குத் தேடிப் பார்த்தேன், எனக்கும் தட்டுப்படவில்லை. கடைசியில் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "அவளுக்கு மீடியம் சரியா இருக்கும் அண்ணாச்சி. மீடியமே போட்டுருங்க."

படுத்துப்போன கல்

கடப்பாக்கல்லை வண்டியில் நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் முதல் பள்ளத்திலேயே நடுமுதுகு போய்விடும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிற்பது விழும், படுத்திருப்பது பத்திரம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த ரெங்கையாவும் அப்படித்தான். வைக்கோல் பரப்பி, அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையை விரித்து, பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிறவளைப் படுக்கவைப்பது மாதிரி கல்லைப் படுக்கவைத்தார். கொத்தனார் வேண்டாம், மச்சினனும் நானும் வைத்துக்கொள்வோம் என்றார். மாடுகளிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். வண்டி வெயிலில் மிதந்துபோய்க் கானல் தண்ணீருக்குள் இறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓடையைக் கடக்கும்போது கல் சரிபாதியாக உடைந்ததாம். அடுத்த வாரம் அவர் வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவர் முகமோ மலர்ந்திருந்தது. நின்றுகொண்டு சமைக்கமாட்டேன் என்று அவருடைய அம்மாவும், உட்கார்ந்து சமைக்கமாட்டேன் என்று அவருடைய வீட்டுக்காரியும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு பாதியை முழங்கால் உயரத்திலும் மறு பாதியை இடுப்பு உயரத்திலும் வைத்திருக்கிறார். இப்போது ஒருத்தி நறுக்க ஒருத்தி தாளிக்கிறாளாம். இன்னொரு கல் வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். "தங்கச்சி வீட்டுக்கு அண்ணாச்சி. அங்கயும் இதே கததான். கல்ல நீங்களே ஒடச்சுக் குடுத்துருங்க."

கதவுக்கு அந்தப் பக்கம்

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மைதீன் பாய் வீட்டில், வெளி ஆண்கள் முன்னால் பெண்கள் வருகிற வழக்கம் இல்லை. கொத்தனாரை உள்ளே விட்டால் வேலை முடிகிறவரை பெண்கள் மாடியிலேயே இருக்க வேண்டும். அதனால் தானே கட்டிவிடுவது என்று பாய் முடிவு செய்திருந்தார். கல் இறக்கிய அன்று, உயரத்தை மட்டும் குறித்துக் கொடுங்கள் என்று என்னை உள்ளே கூப்பிட்டார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பச்சைக் கதவு சாத்தியிருந்தது. பாய் அதன் பக்கத்தில் போய் நின்று, உள்ளே இருந்த வீட்டுக்காரியிடம், முழங்கை எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே தட்டு என்று சொன்னார். அந்தப் பக்கம் வளையல் அசைந்தது. டொக் என்று ஒரு சத்தம். சத்தம் வந்த இடத்தைப் பாய் காதால் தேடிப்பிடித்துச் சாக்பீசால் ஒரு கோடு போட்டார்.

கண்ணால் பார்க்காமல் ஓர் ஆளை அளப்பது எத்தனை அழகான காரியம் என்று நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கொஞ்சம் கீழே இன்னொரு டொக். பாய் இன்னொரு கோடு போட்டார். அதற்கும் மேலே ஒன்று. உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாயின் தங்கையும் அண்ணியும் உள்ளே இருந்திருக்கிறார்கள். கதவு முழுக்கக் கோடாகிவிட்டது. பாய் சாக்பீசும் கையுமாக என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இதுல என் வீட்டுக்காரி தட்டுனது எதுன்னு ஒங்களுக்குத் தெரியுதா அண்ணாச்சி?"

வேப்பமரத்தடி

கடைவாசல் வேப்பமரத்தடியில் பரமசிவம் கொத்தனார் உட்கார்ந்திருப்பார். வேலை தேடி அலைகிற வழக்கம் அவருக்கு இல்லை. என் கடையில் கல் வாங்கிப்போகிறவர் முகத்தைப் பார்த்தே எப்போது திரும்பி வருவார் என்று சொல்லிவிடுவார். நாமே செய்துகொள்வோம் என்று கிளம்புகிறவர்களுக்கு மணல் சலிப்பதும் சாந்து குழைப்பதும் எப்படி என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புவார். பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறீர்களே என்று ஒருநாள் கேட்டேன். "அவிய செஞ்சு பாக்கட்டும் அண்ணாச்சி. கொத்தனார் கட்டுனா ஒரு வேல. அவிய கட்டுனா எனக்கு ரெண்டு வேல, இடிக்க ஒண்ணு, கட்ட ஒண்ணு. உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்னு மட்டும் முன்னாலயே சொல்லிருங்க."

மதியத் தூக்கம்

பரமசிவத்தின் பேச்சு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. ஆனால் உயரத்துக்கு எங்கே போவது? நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நீங்கள் என் நிலைமையில் இருந்தால் தெரியும். கல்யாணமாகி மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, கொஞ்சம் நில்லு, உன்னை அளக்க வேண்டும் என்று சொல்ல நாக்கு எழும்புவதில்லை. இத்தனை நாள் பார்த்ததே இல்லையா என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கூடத்துத் தரையில் கையைத் தலைக்குக் கொடுத்துத் தூங்குவாள். ஓட்டுக்கு நடுவில் இருந்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கி அவள் காலடியில் நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதி அடங்கியிருந்தது. நான் டேப்பைச் சத்தமில்லாமல் இழுத்து, குதிகாலில் ஒரு முனையை வைத்து, பக்கத்திலேயே தவழ்ந்து போனேன். முழங்கால், இடுப்பு, மடங்கிய முழங்கை. இவ்வளவு குள்ளமா இவள்? என் ஞாபகத்தில் அவள் எப்போதும் வாசலில் நின்று என்னை ரயிலுக்கு அனுப்புகிறவள். என் தோளைத் தாண்டிய உயரத்தில்தான் அவளை வைத்திருந்தேன். டேப் கையிலிருக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்: "என்ன, குழி வெட்டவா அளக்குதீங்க?"

சொன்னேன். எழுந்து போய் அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். முழங்கையை மடித்து, அதற்குச் சற்றுக் கீழே சுவரில் கரித்துண்டால் தானே ஒரு கோடு இழுத்தாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "தரைய மட்டும் தொடப்படாது."

ரசமட்டம்

கரிசல் மண் மழைக்குப் பொங்கும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். மேடைக்குக் கால் எழுப்புகிற இடத்தில் தரையைப் பெயர்த்து, கரிசலை அள்ளிப்போட்டுச் சரள் நிரப்ப வேண்டும் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறவன் நான்தான். ஆனால் அது செல்லக்கனி ஆள் வைத்து, பக்கத்தில் நின்று போட்டுக்கொண்ட சிவப்புத் தரை. அதில் கடப்பாரை விழக்கூடாது என்றுவிட்டாள். பழைய மண்சுவரில் கல்லைச் செருகவும் முடியாது. எனவே தரையின் மேலேயே இரண்டு பக்கமும் செங்கல் கால் எழுப்பி, கரிக்கோட்டுக்குச் சரியாகக் கல்லை வைத்தேன். கல்லைத் தூக்கி வைக்க லோடுமேன்கள் வந்தார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நின்றது. அடுப்பு பெட்டியை விட்டு இறங்கியது. செல்லக்கனி நின்று பால் காய்ச்சினாள். அவள் முழங்கையும் கல்லும் ஒன்றையொன்று ரொம்ப நாளாகத் தெரிந்தவை மாதிரி இருந்தன.

ஐப்பசியில் மழை பிடித்தது. கூரைத் தண்ணீர் விழுகிற பக்கத்தில் மண் பொங்கி, அந்தப் பக்கத்துக் காலை மெல்லத் தூக்கிவிட்டது. ரசமட்டத்தை வைத்தேன், குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பரமசிவத்தின் சிரிப்பு காதில் கேட்டது. மண் தூக்கிவிட்டது, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒரு செம்புத் தண்ணீரைக் கல்லின்மேல் கவிழ்த்தாள். அது நிதானமாக நகர்ந்து, கல்லைத் துடைத்துக்கொண்டே போய், மறு மூலையில் பாத்திரம் விளக்குகிற அங்கணத்தில் தானாக விழுந்தது. துணியே தேவைப்படவில்லை. மண் போட்டதோ நீங்கள் போட்டதோ, இந்த வாட்டம் நன்றாயிருக்கிறது, கை வைக்காதீர்கள் என்றுவிட்டாள்.

சித்திரையில் கொல்லைப்புறம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்தால், அவள் துணியும் கையுமாக மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நடுக்கல்லில் தேங்கி நின்றது. அதில் ஓட்டுக் கண்ணாடியின் வெளிச்சம் விழுந்து அசைந்தது. நான் ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். மழையில் எழும்பிய கால் மண் சுருங்கி இறங்கிவிட்டிருந்தது, குமிழி மிகச் சரியாக நடுவில் இருந்தது. நல்லாயிருந்த கல்லை என்ன செய்து தொலைத்தீர்கள் என்று கேட்டாள். இனிமேல் இதில் என்னால் ஆவது ஒன்றுமில்லை, நாளைக்குப் பரமசிவத்தை வரச்சொல்கிறேன் என்றேன். அவள் துணியைப் பிழிந்து, கரிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள். கொல்லைக்கதவு வழியாக, ஒரு மேகமும் இல்லாத வானத்தைப் பார்த்தாள். "அவரு எதுக்கு? நீங்க வச்ச கல்லு இருக்கட்டும். மழை பெஞ்சா அது தானா எந்திரிச்சுரும்."

ஆகவே, மேடையை நாமே போடலாமா என்று யோசிக்கிற என் இனத்தாரே, வீட்டில் இருப்பவர் விழித்திருக்கும்போது அளந்துகொள்ளுங்கள், மட்டம் பார்க்கிற வேலையை ஐப்பசி மழைக்கு விட்டுவிடுங்கள்.