அம்மன் கோவில் முக்கில் ஒரு கம்பு

ஆனந்தவல்லி ஸ்கூட்டரின் முன்பக்கம் கேமராவைக் கட்டிக்கொண்டு ஒரு முக்குக்குள் நுழைவாள். போன வழியே திரும்பி வருவாள். பிறகு பக்கத்துத் தெரு வழியாக மறுபடி அதே முக்குக்கு வருவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் பீர் மைதீனுக்கு இது தினசரி வேடிக்கை.

"ஏட்டி வல்லி, இன்னைக்கும் வழி தொலைஞ்சு போச்சா?"

"போனுக்கு வழி சொல்லிக் குடுக்கேன் மாமா. நீங்க சீனி கம்மியா ஒரு டீ போடுங்க."

அவள் சொன்னது உண்மைதான். வழிகாட்டும் மென்பொருளுக்குக் கண் கிடையாது. அதற்குத் தெரு ஒரு கோடு, முக்கு ஒரு புள்ளி. கோடுகள் புள்ளியில் தொட்டுக்கொண்டால் மட்டும் போதாது. இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு மனிதர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'கூடாது' என்று பதிந்துவிட்டால், கண்ணெதிரே சாலை விரிந்து கிடந்தாலும் போன் வண்டியைச் சுற்றித்தான் அனுப்பும்.

இராஜபாளையத்தில் இருந்த ஒப்பந்த நிறுவனத்தில் வெளியே சுற்றுவது வல்லியின் வேலை. அவள் கொண்டுவருவதைச் சரிபார்த்து வரைபடத்தில் ஏற்றுவது இசக்கிமுத்துவின் வேலை. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கிருஷ்ணன்கோவிலுக்கு மேற்கே ஒரே ஊர்க்காரர்கள். அவன் நிலபுலம் உள்ள நடுத்தெரு, அவள் கீழத்தெரு. ஊருக்குள் இருவரும் நின்று பேசியதில்லை. அலுவலகத்தில் மட்டும் அவள் டப்பாவில் இருக்கும் கருவாட்டுக் குழம்பில் பாதி அவனுக்கு. "சாதியெல்லாம் நம்ம தலைமுறையோட செத்துப்போச்சுக்கா" என்று குழம்பை வழித்தபடி சொல்வான். அவளும் "ஏலே முத்து, விரலையும் சேத்துத் தின்னுறாத" என்பாள். தயக்கமில்லாமல் 'ஏலே' போட முடிந்த ஒரே நடுத்தெருக்காரன் அவன்தான்.

அந்த ஊரில் நேர் வழியில் கீழத்தெருவுக்குப் போக நடுத்தெருவைக் கடக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடம் அம்மன் கோவில் முக்கு. அரசுப் பணத்தில் போட்ட தார்ச்சாலை. ஆனாலும் உள்ளூர் ஆட்டோக்காரர்கள் நடுத்தெருவுக்குள் வராமல் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் கீழத்தெருவுக்குப் போவார்கள். யாரும் தடுக்கவில்லை, பழக்கமாம். அடிமைத்தனத்துக்கு இந்த நாட்டில் எத்தனை மரியாதையான பெயர்கள்!

வல்லி அந்தத் திருப்பத்தை 'போகலாம்' என்று பதிந்தாள். அதன் பிறகு சிலிண்டர் வண்டியும் வாடகைக் காரும் நேராக வாசலுக்கு வந்தன. வெளியூர் டிரைவருக்கு எந்தத் தெரு யாருடையது என்று தெரியாது. அந்த அறியாமைதான் கீழத்தெருவுக்குக் கிடைத்த விடுதலை.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும், அந்த முக்கில் குறுக்கே ஒரு மூங்கில் கம்பைக் கட்டுவார்கள். காப்பு அவிழ்க்கும்வரை கீழத்தெரு வண்டிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தால் அம்மனுக்குத் தீட்டாம். நடுத்தெருவில் டிராக்டரும் காரும் ஓடினால் மட்டும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வருடம் கட்டியதும் வல்லி கம்பைப் படம் பிடித்து, 'திருவிழா வரை மட்டும்' என்று குறிப்புப் போட்டு அனுப்பினாள். விழா முடிந்து கம்பை அவிழ்த்தார்கள். அவளும் அதை மறந்தாள்.

ஆனி மாதம் பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்குப் பட்டப்பகலில் இடுப்பு வலி கண்டது. வரவழைத்த வேன் முக்குவரை வந்துவிட்டுத் திரும்பிக் கண்மாய்க் கரையைச் சுற்றி வந்தது. போகும்போதும் அதே சுற்று. கரை மேட்டில், குலுங்கிய வேனுக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியது அவர்கள் உடம்பின் தெம்பு. சாமியின் கருணை என்று யாராவது வந்தால் எனக்குக் கோபம் வரும்.

ஈஸ்வரியின் மாமியார் கருத்தம்மா வல்லியிடம் சொன்னாள்: "நேரா போகலாமேய்யான்னு கேக்க வாயெடுத்தேன். போனு இப்பிடித்தான் காட்டுதுன்னான் டிரைவரு. எங்க வல்லி போட்ட வழியாச்சே, தப்பா இருக்காதுன்னு பேசாம உக்காந்துட்டேன் தாயி."

அவள் திட்டியிருந்தால்கூட வல்லி தாங்கியிருப்பாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த முக்கைத் திறந்து பார்த்தாள். 'திரும்பக் கூடாது. நிரந்தரம்.' ஆதாரம், அவள் எடுத்த அதே கம்புப் படம். குறிப்பைக் காணோம். ஒப்புதல் கொடுத்தது இசக்கிமுத்து.

"ஏலே, இது கைதவறிப் பட்டுச்சா?"

அவன் திரையைப் பார்த்தபடியே பேசினான். "பெரியப்பா ரொம்ப நெருக்குனாருக்கா. முக்குல வருசம் பூரா கம்பு கட்டுனா போலீசு வரும். மேப்புல கட்டுனா யாரு வரப்போறா? ஒங்கள வரவேண்டாம்னு யாரும் சொல்லலையே. செத்த சுத்திப் போறது, அம்புட்டுத்தான்."

"அந்தச் சுத்துலதான் ஈஸ்வரி பிள்ள பெத்தா."

அவன் திரையில் வேறொரு தெருவைத் திறந்தான்.

மேலாளரோ புதுப் படம் இல்லாமல் மாற்ற முடியாது என்றார். அன்று மாலை வல்லி அம்மன் கோவில் முக்குக்குக் கேமராவோடு போனாள். பின்னால் கீழத்தெருவின் பைக்குகளும் ஆட்டோக்களும். எல்லா போனிலும் வழிகாட்டியைப் போட்டிருந்தார்கள். 'திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்' என்று அத்தனை போன்களும் கத்தக் கத்த, வண்டிகள் முக்கைக் கடந்தன. முக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் படமும் இசக்கிமுத்துவின் மேசைக்குத்தான் வர வேண்டும். வந்தது. வல்லி அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சார், அந்தத் தடைய எடுங்க."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னக்கா, என்னையப் போயி சார்ங்கிய?"

"எடுங்க சார்."

எடுத்தான். மதியம் பழக்க தோசத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைப் பக்கம் வந்தான். வல்லி ஏற்கெனவே சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.