நெட்டுக்குப்பம் வரை ஒரு பிளைமவுத்

ஏழாவது தடவையும் வண்டி திருவொற்றியூரில்தான் கொதித்தது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையின் ஒரு பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தன. மிச்ச இடுக்கில் ஊர்ந்து வந்த அம்புரோஸின் பிளைமவுத், கடல் தெரிகிற வளைவுக்கு வந்ததும் வழக்கம்போல் பானெட் ஓரத்திலிருந்து ஆவி விட்டது. சூட்டு மீட்டரின் முள் கடைசி எண்ணில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்புரோஸ் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

தண்ணீர் பத்தடி தூரத்தில் இருந்தது. சௌக்கத் அலியின் ரேடியேட்டர் கடை அங்கேதான்; வாசலில் எப்போதும் ஒரு வாளி நிறைந்திருக்கும். ஆனால் அம்புரோஸ் அந்த வாளியைத் தொடமாட்டார். காலி கேனைத் தூக்கிக்கொண்டு, கடையைப் பார்க்காத மாதிரி தாண்டி, நூறடி தள்ளியிருந்த டீக்கடையில் கெஞ்சித் தண்ணீர் வாங்கி வந்தார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், உச்சி வெயிலில், பத்து லிட்டர் கேனோடு. வீம்பு ஆளை இப்படித்தான் நடக்கவைக்கும்.

அம்புரோஸ் ராயபுரத்துக்காரர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் விசைப்படகு மெக்கானிக்காக இருந்தவர். அம்புரோஸ் கை வைத்தால் எந்த என்ஜினும் ஸ்டார்ட் ஆகும் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை அதிகம் சொன்னவர் அம்புரோஸ்தான் என்றாலும், பொய் இல்லை. எத்தனையோ என்ஜின்களைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவர் அவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு நின்றது. எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பம் ரகுபதியின் படகு, அம்புரோஸ் என்ஜினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்த மூன்றாம் நாள், நடுக்கடலில் நின்றுவிட்டது. ஏழு பேர் ஒன்றரை நாள் அலையில் கிடந்தார்கள். வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. கரையில் அம்புரோஸ் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்பது. ரகுபதி கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து வேறு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவரைப் பார்த்து அடுத்த படகுக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். அம்புரோஸுக்குக் கை விட்டுப்போய்விட்டது என்று சொன்னது யார் என்று தெரியாது. எல்லாரும் சொன்னார்கள்.

கை விட்டுப்போகவில்லை என்று காட்ட அவர் தேர்ந்தெடுத்ததுதான் இந்த வண்டி. கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம், வெட்டுவதற்காக நிறுத்தி வைத்திருந்த, எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி. நான்கு சக்கரத்திலும் காற்றில்லை, உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. அம்புரோஸ் அதை எடைக்கு வாங்கி, டெம்போவில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். சும்மா இருந்தாரா? தெருவில் நின்று சபதம் வேறு போட்டார். இந்த வண்டியைத் தன் கையாலேயே சரிசெய்து, ராயபுரத்திலிருந்து எங்கேயும் நிற்காமல் ஓட்டிப்போய், நெட்டுக்குப்பத்தில் ரகுபதி வீட்டு வாசலில் நிறுத்துவேன் என்றார். அதற்கப்புறம் தெருவே அவரை விடவில்லை. வண்டி எது வரைக்கும் போனது என்று பால்காரர்கூட விசாரித்துவிட்டுத்தான் பாக்கெட்டைக் கொடுப்பார்.

அமெரிக்காவில் இந்த வண்டிக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது. போனில் ஒரு தடவை விலையைப் பார்த்துவிட்டு அம்புரோஸ் போனைக் குப்புற வைத்துவிட்டார். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்த தரையை, ஃபைபர் படகு ஒட்டுகிற ஆட்களை வைத்து பிசின் ஊற்றி அடைத்தார். யாரோ படகுக்கு அடித்து மிச்சம் வைத்த நீலப் பெயின்ட்டை வண்டிக்கு அடித்தார். ஷேர் ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர் ரெக்சின் போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்து ஆறு வோல்ட் பேட்டரி கேட்ட கடையிலெல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பின்பக்கக் கதவு ஒன்று எதற்கும் மசியவில்லை. அதை வலைக்கயிறு போட்டுக் கட்டிவைத்தார். எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை விட்டார். என்ஜினுக்கு மட்டும் விடவில்லை.

என்ஜினைப் பிரித்த அன்று, தண்ணீர் பம்புக்குப் பின்னாலிருந்து சேறும் துருவுமாக ஒரு பித்தளைத் தகடு வந்தது. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம், தட்டையான குழாய், ஒரு ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். அம்புரோஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை படகு என்ஜின் பிரித்திருக்கிறார், இப்படி ஒன்று இருந்ததே இல்லை. எவனோ அரைகுறை மெக்கானிக் எதையோ முட்டுக்கொடுக்கச் சொருகியிருக்கிறான் என்று சிரித்துவிட்டு, சுவரோரம் வீசினார். அவர் மனைவி ஹெப்சிபா பித்தளையை வீணாக்க மனசில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அம்புரோஸ் அதை அத்தோடு மறந்தும் போனார்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது. தெருவே கைதட்டியது. ஆனால் அரைமணி நேரம் ஓடினால் கொதித்தது. ஃபேன் மாற்றினார், கொதித்தது. பம்ப் மாற்றினார், ஹெட் கேஸ்கட் இரண்டு தடவை மாற்றினார், கொதித்தது. கடைசியில் ரேடியேட்டரைக் கழற்றி சௌக்கத் அலியிடம் கொடுத்தார். சௌக்கத் அலி நாலு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாகச் சுத்தம்பண்ணி, ஈயம் வைத்து, தண்ணீரில் முக்கிக் காட்டிக் கொடுத்தார். அதற்கப்புறமும் கொதித்தது. அம்புரோஸ் நேராகக் கடைக்குப் போய், நாலு வாடிக்கையாளர்கள் நடுவில், உள்ளே பழைய குழாய்களை அப்படியே விட்டு மேலே பாலிஷ் போட்டு ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினார். சௌக்கத் அலி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"என் ரேடியேட்டர்ல ஒண்ணும் இல்ல அம்புரோஸு. கோளாறு எங்க கீதுன்னு வேற எடத்துல தேடு," என்றார். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அது ஆயிற்று ஐந்து மாதம்.

இப்போது ஏழாவது தடவை. தண்ணீர் ஊற்றியும் கொதி அடங்காத வண்டியை டெம்போ பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்த அம்புரோஸ், சாப்பிடக் கூப்பிட்டும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. மாதவரத்தில் இருக்கிற தன் ஒன்றுவிட்ட தம்பி நெல்சனுக்குப் போன் போட்டுவிட்டார். நெல்சன் சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவன். அவனிடம் கேட்கலாம் என்று இரண்டு வருஷமாக ஹெப்சிபா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். படகு மெக்கானிக் போய்க் கார்க்காரனிடம் பாடம் கேட்பதா என்று அம்புரோஸ்தான் மறுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நெல்சன் வந்தான். என்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்பக்கத்து சிலிண்டர்கள்தான் அதிகம் சூடாகிறதா என்று கேட்டான். ஆமாம் என்றார் அம்புரோஸ். உள்ளே தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டான். எந்தக் குழாய் என்றார் அம்புரோஸ்.

"பம்புக்குப் பின்னாடி உள்ள போவும் மாமா. பித்தளையில தட்டையா, ஓரத்துல வரிசையா ஓட்ட போட்டு இருக்கும். அது இல்லன்னா பின்னாடி சிலிண்டருக்குத் தண்ணியே போவாது. நீ இன்னாதான் ரேடியேட்டர் மாத்தினாலும் கொதிக்கத்தான் செய்யும்."

அம்புரோஸுக்குச் சுவரோரம் வீசிய தகடு ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் போய் ஹெப்சிபாவிடம் அந்தத் தகடு எங்கே என்று கேட்டார். ஹெப்சிபா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தெருமுனையைக் கைகாட்டினார்.

தெருமுனையில் மாதா கெபி, குகை போலக் கட்டி மாதா சிலை வைத்த இடம். ஹெப்சிபா அந்தத் தகட்டைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, மாதாவின் காலடியில் வைத்திருந்தார். ஓட்டைகளில் சின்ன மெழுகுவர்த்தி அளவெடுத்த மாதிரி நின்றது. தெருவில் எல்லாரும் அதில்தான் வர்த்தி ஏற்றினார்கள். அடையாளம் தெரியாமல் அம்புரோஸும்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும், தாயே இந்த வண்டி கொதிக்காமல் பார்த்துக்கொள் என்று, அதே தகட்டில், கடைசி ஓட்டையில் ஏற்றிவைத்து முழங்கால் போட்டிருக்கிறார். கோபம் யார்மேல் வர வேண்டும் என்று தெரியாமல் அவர் மாதாவையே முறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில்தான் இன்னொன்றும் மேலே வந்தது. மூன்று வருஷமாக அமுக்கி வைத்திருந்தது. ரகுபதியின் படகை இழுத்து வந்த இரண்டாம் நாள், தன் டூல் பெட்டியின் மூலையில் ஒரு செப்பு வாஷரைப் பார்த்தார். டீசல் குழாயில் ஒன்றுக்கு இரண்டு வாஷர் எதற்கு என்று அவர் கழற்றிப் போட்டது அது. ஒன்று குறைந்தால் காற்று இழுக்கும், என்ஜின் நிற்கும். தெரியும். தெரிந்தும் பெட்டியை மூடினார். டீசல்தான் காரணம் என்று மறுபடி மறுபடி சொல்லி, கடைசியில் தானும் நம்பிவிட்டார்.

தகட்டை எடுக்க ஹெப்சிபா விடவில்லை.

"மாதாவுக்குக் குடுத்தத திரும்பி எடுக்கக் கூடாதுய்யா. அதப் பாத்து வேற ஒண்ணு அடிச்சுக்க," என்றார்.

மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்க, அம்புரோஸ் கெபியின் முன்னால் முழங்காலிட்டு, காகிதத்தை வைத்து ஓட்டை ஓட்டையாக அளவெடுத்தார். முன்னால் சின்ன ஓட்டை, போகப்போகப் பெரியது. விரலில் இரண்டு தடவை மெழுகு சொட்டியது. கோயிலுக்குப் போன ஒரு பெண்மணி, இப்படிப் பக்தியாக ஜெபிக்கிற ஆம்பிளையைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்புரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். செப்புக் குழாயை மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்கினார். முதல் குழாய் கிழிந்தது. இரண்டாவதில் ஓட்டை தப்பிப்போனது. மூன்றாவது வந்தது. அதை உள்ளே தள்ள ரேடியேட்டரைக் கழற்றவேண்டியிருந்தது. கழற்றி மடியில் வைத்துப் பார்த்தார். ஈயம் வைத்த இடம் ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தம். ஒரு கசிவில்லை. அவர் நாக்கில்தான் கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டியை எடுத்தார். காசிமேடு தாண்டியது. திருவொற்றியூர் வளைவில் கன்டெய்னர் வரிசையில் முக்கால்மணி நேரம் ஊர்ந்தது. முள் நடுவில் நின்றது, நகரவில்லை. சௌக்கத் அலி கடையைத் தாண்டும்போது அம்புரோஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு. எண்ணூர் வந்தது, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வந்தன. நெட்டுக்குப்பத்தில் ரகுபதி வீட்டு வாசலில் வண்டி போய் நின்றது.

ரகுபதி வெளியே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கயிறு கட்டிய கதவைப் பார்த்தார். வழியில் எங்கும் நிற்காமலா வந்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்புரோஸ். இந்த இடத்தில் சொல்லவென்று இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் ஒரு பேச்சு தயாராக இருந்தது. அதில் ஒரு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை.

"இன்னா கோளாறு இவ்ளோ நாளா?" என்று ரகுபதி கேட்டார்.

"வண்டியில இல்ல. நான்தான் தேவயில்லன்னு ஒரு தகட்டப் புடுங்கிப் போட்டேன்," என்றார் அம்புரோஸ். "உன் போட்டுலயும் அதான். ஒரு வாஷரக் கழட்டிப் போட்டுட்டேன். உன் டீசல் நல்ல டீசல்தான்."

ரகுபதி பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"தெரியும். கரைக்கு இட்டாந்த அன்னிக்கே பாத்துட்டோம். மறந்துட்டேன் ரகுபதின்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு ஒரு மாசம் காத்துகினு இருந்தேன். அப்பறம்தான் வேற ஆள வெச்சேன்."

அம்புரோஸால் அங்கே நிற்க முடியவில்லை. ரகுபதி டீ சாப்பிட்டுப் போகச் சொன்னதற்குத் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஒரு மாதம். ஒரே ஒரு வார்த்தைக்காக ஒருத்தன் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறான். அதற்கு அவர் மூன்று வருஷத்தையும் ஒரு காரையும் செலவழித்திருக்கிறார். ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திருவொற்றியூர் வளைவில் அவராகவே வண்டியை ஓரங்கட்டினார். நீல வண்டி கடை முன்னால் நிற்பதைச் சௌக்கத் அலி பார்த்தார். ஐந்து மாதம் பேசாத மனிதர், எழுந்து, வாசலிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பானெட்டை நோக்கி வந்தார். அம்புரோஸ் இறங்கிப்போய் வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"வண்டி கொதிக்கல பாய்," என்றார். அடுத்த வார்த்தை, தப்பு என்மேல்தான் என்பது, நெட்டுக்குப்பத்தில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. சௌக்கத் அலி அவசரப்படுத்தாமல் நின்றார்.