நாலாவது மணி

அந்த ஆபீசில் அவளுக்கு ஒத்தமணி என்று பேர். வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் ஏன் வைத்தார்கள் என்பது வாசல் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். போன் ஒரு மணி அடித்து ஓய்வதற்குள் அவள் கை அதன் மேல் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டாவது மணி அடித்ததே இல்லை என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனாலும் பெரிய பொய் இல்லை.

தண்ணீர் பம்புக்கு உதிரி சாமான் விற்கிற இடம் அது. கீழே கிடங்கு. மேலே நீளமாக ஒரு அறை, அதன் கோடியில் கண்ணாடி தடுத்து முதலாளிக்கு ஒரு அறை. படியேறியதும் முதல் மேஜை அவளுடையது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பெரிய முதலாளி, இப்போது இருக்கிறவருடைய அப்பா, சொல்லிவிட்டார்: ரெண்டாவது மணி அடிச்சா ஆள் அடுத்த கடைக்குப் போயிட்டான்னு அர்த்தம். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாயிற்று. அவர் சொன்ன சொல் மட்டும் அவள் இடது கையில் தங்கிவிட்டது. எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை. இடது கை போனுக்கென்றே நேர்ந்துவிட்ட கை. ரிசீவரில் அவள் பிடிக்கிற இடம் மட்டும் கறுப்பு போய் வெளுத்திருந்தது.

அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் ஒரு திங்கட்கிழமை ஃபேக்ஸ் மெஷின் வந்து உட்கார்ந்தது.

வெளியூரில் ஒரு பெரிய தொழிற்சாலை. வருஷத்துக்கு வேண்டிய சாமானெல்லாம் இங்கேதான் வாங்குவார்கள். இந்த வருஷம், ஆர்டரை ஃபேக்ஸில்தான் அனுப்புவோம், வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு தாளை வைத்தால் இங்கே அதே தாள் வெளியே வருமாம். முதலாளி பெட்டியைப் பிரிக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே எல்லாம் தாள்லயே வந்துடும்க்கா. போனுக்குன்னு ஒருத்தர் உட்கார வேண்டியதில்ல. நீங்களும் வீட்டுல ஓய்வா இருக்கலாம்" என்றார்.

சின்னப் பையனாக இதே அறையில் பம்பரம் விட்டவர். நல்லதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஆனால் ஓய்வு என்பது சோறிருக்கிற வீட்டுச் சொல். அவள் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, முட்டி போய், ஒரு வருஷமாக வீட்டோடு இருக்கிறார். மகள் நர்சுக்குப் படிக்கிறாள். உலை வைப்பது அந்த நாற்காலியை நம்பித்தான். அவள் தெர்மாகோல் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

மெஷினை மாட்ட வந்தவரைத் திருப்புளி என்று கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கும். சுவரிலிருந்து வருகிற ஒயரை மெஷினில் சொருகி, மெஷினிலிருந்து இன்னொரு ஒயரை அவள் போனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்குப் போனைக் கொஞ்ச நேரம் கழற்ற வேண்டும். அவள் விடவில்லை. ஆறு மணிக்கு நான் எழுந்து போன பிறகு என்ன வேண்டுமானாலும் கழற்றிக்கொள், என் எதிரில் லைன் சாகக் கூடாது என்றுவிட்டாள். திருப்புளி தலையைச் சொறிந்துகொண்டு தாள் சுருளை மட்டும் போட்டார். பளபளப்பான பக்கம் சூடு படுகிற மாதிரி இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் வெறும் தாள்தான் வரும் என்று காட்டினார். அவள் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தாள். கறுப்பாகக் கோடு விழுந்தது. பரவாயில்லையே என்றுதான் தோன்றியது.

போன் நாலு தடவை மணி அடித்தால் மெஷின் தானாக எடுத்துக்கொள்ளும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி அவளும் அதைக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லாம் மாட்டி, தன் கடையிலிருந்து தம்பியை ஒரு தாள் அனுப்பச் சொன்னார் திருப்புளி. அச்சு அசலாக வந்ததாம்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை. தொழிற்சாலையில் கேட்டால், மூன்று தடவை அனுப்பினோம், போகவில்லை என்றார்கள். அன்று சாயங்காலம் திருப்புளி வந்து தம்பியை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. ஆனால் அதற்குள் தொழிற்சாலை ஆபீசைப் பூட்டிவிட்டிருந்தார்கள். புதன்கிழமை பகலில் மறுபடியும் படுத்துக்கொண்டது. சாயங்காலம் ஒயரை மாற்றினார், வேலை செய்தது. வியாழக்கிழமை பகலில் பழைய கதைதான். "மெஷினுக்கும் நம்ம ஒத்தமணியக் கண்டா பயம் போல" என்று பில் போடுகிறவர் சொல்ல, ஆபீசே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இதற்கு நடுவே அவளுக்கு வேறொரு தொல்லை. எவனோ வேலையற்றவன் அடிக்கடி கூப்பிட்டு, பேசாமல் விசிலடித்தான். கோழி கழுத்தைத் திருகுகிற மாதிரி ஒரு கீச்சு. அவள் மரியாதையாக, ஹலோ, யாரு வேணும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லி அவர் நேரத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

வியாழன் சாயங்காலம் அவள் பையை எடுக்கும்போது, மெஷினில்தான் கோளாறு, சனிக்கிழமை தூக்கிக்கொண்டு போகிறேன் என்று திருப்புளி சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காக வருத்தம்தான். ஆனாலும் பொய் எதற்கு, படியிறங்கும்போது அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரர் பட்டறை ஆள் அல்லவா, ஓடாத வண்டிக் கதை என்றால் காது நீண்டுவிடும்.

"சாயங்காலம் ஓடுது, பகல்ல ஓடல. அப்ப கோளாறு மெஷின்ல இல்ல. சாயங்காலம் இல்லாதது பகல்ல அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"என்ன இருக்கும்? நான்தான் இருக்கேன்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. நாலு மணி அடித்தால் தானாக எடுத்துக்கொள்ளும். இவள்தான் ஒரு மணிக்கு மேல் அடிக்க விடுவதில்லையே! விசிலடித்த வேலையற்றவன் யாரென்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கீச்சு, தொழிற்சாலை மெஷின் இந்த மெஷினைக் கூப்பிட்ட குரல்.

அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை நீட்டினாள்.

"நீ எதுக்கு வாயத் திறக்கணும்? சனிக்கிழமை தூக்கிட்டுப் போகட்டும்" என்றார் அவர், இருமல் அடங்கியதும்.

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதுமில்லை. ஆனால் ஆள் அடுத்த கடைக்குப் போகக் கூடாது என்றுதானே இத்தனை வருஷமாக ஓடி ஓடி எடுத்தாள்? எடுத்த கையே இப்போது துரத்திக்கொண்டிருக்கிறது. தெரியாமல் செய்தவரைக்கும் அது தவறு. நாளைக்கும் எடுத்தால் அதற்குப் பேர் வேறு.

மறுநாள் ஒன்பதே காலுக்கு அவளே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, இப்போது அனுப்புங்கள் என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. இடது கை துள்ளியது, வலது கை அதை அமுக்கியது. இரண்டாவது மணி அடித்தபோது அறையில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. மூன்றாவது மணிக்கு முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். ஒத்தமணி நாற்காலியிலேயே போய்விட்டாளோ என்று பயந்திருப்பார்.

"அக்கா, போன்!"

"அடிக்கட்டும் தம்பி."

நாலாவது மணி அடித்தது. மெஷினில் ஒரு விளக்கு எரிந்தது, உள்ளே கீச்சிட்டது, பிறகு தாள் நாக்கை நீட்டுகிற மாதிரி மெல்ல வெளியே வந்தது. முழுசாக வந்ததும் முதலாளி அதைக் கிழித்துப் படித்தார். ஆர்டர்தான்.

"கோளாறு மெஷின்ல இல்ல தம்பி, என் கையில. நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது" என்றாள். விசில் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் தாளைப் பார்த்தார், ரிசீவரில் வெளுத்த இடத்தைப் பார்த்தார். தாளோடு உள்ளே போய்விட்டார். கண்ணாடிக் கதவு மறுபடி திறக்க ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு திருப்புளியை வரவழைத்தார்கள். முதலாளி அவள் மேஜைப் பக்கத்திலேயே நின்று கேட்டார்: நாலு மணி அடிக்கவிட்டால், கூப்பிடுகிற மனுஷன் காதில் விசில் போகுமே, அவன் என்ன செய்வான்? அதற்கு வழி இருக்கிறது என்றார் திருப்புளி. யாராவது எடுத்துப் பார்த்து, பேச்சாக இருந்தால் பேச வேண்டும். விசிலாக இருந்தால் இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு ரிசீவரை வைத்தால் போதும். ஆனால் அதற்கு ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றார்.

"ஆள் இருக்காங்க" என்றார் முதலாளி.

ஓய்வைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இப்போதும் முதல் மணியிலேயே எடுக்கிறாள். விசில் கேட்டால் பச்சைப் பொத்தானை அமுக்குகிறாள். அமுக்குவதற்கு முன்னால், "இருங்க, குடுக்கறேன்" என்று அந்த விசிலிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். பில் போடுகிறவர் அதற்கும் சிரிக்கிறார். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் வைத்து அவளுக்குப் பழக்கமில்லை.