சவலை என்ற பேர்

மடியில் அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்துபோன குழந்தையைச் சவலைப்பிள்ளை என்பார்கள். பால் கொடுக்காதவர்களுக்கு ஒரு பேரும் இல்லை. கிடைக்காத பிள்ளைக்கு மட்டும் பேர் வைத்துவிட்டார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இலங்கை மலையகத்தில், டயகம தேயிலைத் தோட்டத்தில் சிசிலிக்கு அந்தப் பேர்தான் நிலைத்தது. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துச் சூட்டிய பேரை லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொன்னதில்லை. வளர்ந்து கொழுந்தெடுக்க வந்தாள். கை குச்சிதான், ஆனால் மற்றவர்கள் கூடை நிறைந்தால் அவள் கூடையும் நிறையும். கங்காணி செல்லசாமியோ அவளுக்குத் தினமும் அரைப்பேர்தான் போடுவார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

"சவலைக்கு இது போதும்" என்பார்.

சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஓட்டு பறிபோயிருந்த காலம் அது. மலையில் கங்காணி வைத்ததே சட்டம்.

ஒரு மழைநாள். கொழுந்து மண்டிக் கிடந்தது. பக்கத்து நிரையில் ராக்காயி தவித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைக்குழந்தை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் கிடந்தது. பால் கட்டி, ரவிக்கை நனைந்துவிட்டது. பால் கொடுக்கப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "நெரைய முடிச்சிட்டுப் போ" என்றார் செல்லசாமி.

சிசிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க போங்கக்கா. ஒங்க நெரையையும் நான் எடுக்குறேன்."

"ஏய் சவலை! ஒன் பேர வெட்டிருவேன்!"

"எந்தப் பேருங்க? சம்பளச் செக்ரோல்ல இருக்குற பேரா, நீங்க கூப்புடுற பேரா? சவலைன்னா பாலு கெடைக்காத புள்ளைங்க. என்னைய அப்புடி ஆக்குனது எங்கம்மா வயித்துல வந்த தம்பி. இந்தப் புள்ளைய ஆக்கப் பாக்குறது நீங்க!"

நிரை நிரையாகப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ராக்காயி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். சிசிலி இரண்டு நிரையையும் எடுத்து முடித்தாள். அன்றைக்கு அவள் பேர் வெட்டப்பட்டது. அரைப்பேர்கூட இல்லை.

மறுநாள் விடிகாலை, பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் செல்லசாமி, "சவலை" என்று கூப்பிட்டார். சிசிலி எதிரிலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். கூடையோடு நின்ற பெண்கள் யாரும் மலைக்கு நகரவில்லை. ராக்காயி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி முன்வரிசையில் வந்து நின்றாள். தூரத்தில் தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஆட்கள் மலை ஏறாமல் நிற்பதைத் துரை பார்த்தால் கேள்வி கங்காணியிடம்தான்.

"சிசிலி" என்றார் கடைசியில்.

"இருக்கேங்க. முழுப்பேரா போடுங்க."