அப்பா கல் வெட்டியவர்தான்

அப்பாவின் பதினாறாம் நாள் கிரியைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். இத்தகைய மலரில் கண்ணீரைத்தான் எழுதுவார்கள். என்னிடம் இப்போது கோபம்தான் இருக்கிறது. பொறுத்தருள்க.

அப்பா பெம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் மரம் சீவும் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் குவாரியில் கல் உடைத்தார். பிறகு மலாக்காவில் ஒரு கல் பட்டறையில் சேர்ந்தார். முதலில் சீனர்களின் கல்லறைப் பலகைகளில் எழுத்து வெட்டினார். சீனம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கோடு பிசகாது. அடுத்துக் கோயில் படிகள், தூண்கள், கடைசியில் சிலைகள். சிலையின் முகத்தில் உளி வைக்கும் வாரத்தில் அசைவம் தொட மாட்டார். மூக்கு சரியாக அமையாத நாளில் வீட்டில் நாங்கள் வாய் திறக்க முடியாது. அவ்வளவு முன்கோபி.

கல் தேய்க்கும் கிரைண்டர் இயந்திரம் வந்தபின் பட்டறை முழுவதும் கல்தூசி. அப்பா முகக்கவசம் கேட்டார்.

"இத்தன வருஷமா துண்டு கட்டித்தானே செஞ்சீங்க, இப்ப என்ன புதுசா?" என்றார் முதலாளி.

ஐந்து ஆண்டுகள் இருமினார். கிளினிக்கில், "சிகரெட்ட விடுங்க ஐயா" என்றார்கள். அப்பா ஒருநாளும் புகைத்ததில்லை. சென்ற ஆண்டுதான் பெரிய மருத்துவமனை டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நுரையீரல் முழுக்கக் கல்தூசி. எத்தன வருஷம் கல் வெட்டினாருன்னு முதலாளிகிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க. வேலையால வந்த நோய்னு நான் எழுதி அனுப்பணும். அப்பத்தான் அரசாங்க அதிகாரிங்க அந்தப் பட்டறைய வந்து பார்ப்பாங்க."

அப்பாவைக் காரில் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

"உங்கப்பா இங்க பொது வேலதாம்மா பார்த்தாரு. கூட்டுறது, லோரி ஏத்துறது. சிலையெல்லாம் இந்தியாவுலேருந்து செஞ்சே வந்துரும் லா," என்றார் முதலாளி.

எதிரே பாதி செதுக்கிய அம்மன் நின்றிருந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"அப்ப இந்த அம்மன் முகத்த யாரு செஞ்சது?" என்று நான் கேட்டேன்.

முதலாளி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அப்பா, "நான் கூட்டுறவனாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். மூன்று மாதத்தில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். பந்தலில் எல்லாருக்கும் கேட்கும்படி, "முப்பது வருஷம் எங்ககிட்ட கல் வெட்டினாரு. அவர் கை யாருக்கும் வராது," என்றார். நான் உள்ளே ஓடி ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்து நீட்டினேன்.

"இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இது அதுக்கு நேரமாம்மா?"

"எங்கப்பாவுக்கு வேற நேரம் இல்ல."

அப்பாவை எடுக்கும் முன்பே முதலாளி கையெழுத்திடாமல் கிளம்பிவிட்டார். அவருடைய வளையத்தை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தேன். சாவு வீட்டில் இப்படியா நடந்துகொள்வது என்று சித்தப்பா கடிந்துகொண்டார். உங்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை.

மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையிருந்த அத்தைக்கு நன்றி. அந்தப் பட்டறையில் லோரி ஓட்டும் ரசாக் அங்கிள், வேலை போனாலும் போகட்டும் என்று, தாம் கண்ணால் கண்டதை மலாயில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அங்கே இன்னும் நான்கு பேர் வாயில் துண்டு கட்டிக்கொண்டு கல் வெட்டுகிறார்கள். அன்று பந்தலில் முதலாளி சொன்னதைக் கேட்டவர்கள் நீங்கள். வாசலருகே மேசையில் தாள் வைத்திருக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி எழுதி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திடுங்கள். திங்கட்கிழமை டாக்டரிடம் கொண்டு போகிறேன்.

முதலில் கையெழுத்து. பந்தி அதற்குப் பிறகு.