நாற்பத்தேழு மாடுகளும் ஒரு புள்ளிப் பசுவும்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காக நின்றிருந்தபோது, என் பெட்டியைத் தூக்கி வந்த தம்பி முருகையா தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னான்: “எக்கா, நீ திரும்பி வாரது வரைக்கும் அந்தக் குருணை மருந்தத் தொட மாட்டேன். அதுக்கு மேல என்னயக் கேக்காத. சிங்கத்துப் பக்கத்துல மாடு வளக்குதவங்க என்னதான் செய்யுதாங்கன்னு கேட்டுட்டு வா.”

விஷயம் இதுதான். சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் முருகையா வெள்ளாடு வளர்க்கிறான். ஆனி மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஆடுகளைச் சிறுத்தை தூக்கிவிட்டது. நான் கால்நடை ஆய்வாளர். நானே போய்ப் பார்த்தேன், இழப்பீட்டு மனுவில் ‘வெள்ளாடு, எண்ணிக்கை 3’ என்று எழுதினேன், அவனிடம் கையெழுத்து வாங்கினேன். “மூணுன்னு எழுதிட்டே, போ” என்றான். அவ்வளவுதான். மறுநாள் அவன் வீட்டு உத்திரத்தில், பயிருக்குப் போடும் குருணை மருந்துப் பொட்டலம் ஒன்று தொங்கியது. அடுத்த முறை சிறுத்தை மிச்சம் வைத்துப்போகும் கறியில் தூவுவதற்கு என்றான். அந்தக் கறியை நரியும் தின்னும், அவன் உயிராய் வளர்க்கும் சிப்பிப்பாறை நாய் மணியும் தின்னும். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் ஆசிரியர்களும் கால்நடைத் துறைக்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் கென்யாவுக்குக் கல்விப் பயணம் கிளம்பினார்கள். சேமிப்பை உடைத்துக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

சென்னை, மும்பை, அங்கிருந்து ஆறு மணி நேரம் விமானம். நைரோபியில் இறங்கியபோது ஆகஸ்ட் மாதத்தில் குளிரில் பல் கிட்டியது. பங்குனி வெயிலுக்குத் தயாராகப் பருத்திச் சேலையோடு வந்த என்னைப் பார்த்து எங்கள் டிரைவர் மோசஸ் சிரித்தார். அவர் மாடு வளர்க்கும் மாசாய் இனத்துக்காரர், ஆங்கிலமும் அவர்கள் மொழியும் பேசுவார். பயணம் முழுக்க எங்கள் வாயும் காதும் அவர்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாரா வனவிலங்குக் காப்பகத்தை நோக்கிப் புறப்பட்டோம். ஒரு மணி நேரத்தில், சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி “இறங்கிப் பாருங்கள்” என்றார் மோசஸ். காலடியில் பூமி அப்படியே கீழே இறங்கிக் கிடந்தது. பிளவுப் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். மலை என்றால் நிமிர்ந்து பார்ப்பது என்றுதான் பழக்கம். இங்கே மலைகளைக் குனிந்து பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற வாசுதேவநல்லூர் பொன்னுத்தாய் டீச்சர், “ஏ மக்கா, இதப் பாடத்துல ரெண்டு வரியில நடத்திட்டுப் போயிட்டனே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

நாரோக் ஊரில் டீ ஐம்பது ஷில்லிங். நம் காசில் முப்பது ரூபாய்க்கு மேலே. பால் தாராளமாக இருந்ததால் மன்னித்தேன். அதற்குப் பிறகு வீடுகள் குறைந்தன, வேலிகள் குறைந்தன, புல் மட்டும் மிஞ்சியது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு மேட்டில் ஏறினோம். கீழே, கண்ணுக்கு எட்டிய வரை வில்டபீஸ்ட் மந்தை. மாட்டுக் கொம்பும் குதிரை வாலும் சேர்ந்த அந்த மிருகங்கள் முனகிக்கொண்டே நடந்தன, நடுநடுவே வரிக்குதிரைகள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை முதன்முதலாகப் பார்த்தபோது வந்த அதே மூச்சுமுட்டல் வந்தது. பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கி இருநூறில் கைவிட்டேன். வாழ்க்கையில் நான் எண்ண முடியாமல் விட்ட முதல் மந்தை அது. கண்ணில் நீர் வந்ததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்கள் கூடாரங்கள் இருந்த இடம் அரசுக் காப்பகத்துக்கு வெளியே, மாசாய்க் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலம். ஆளாளுக்கு வேலி போட்டு விற்றுவிடாமல், எல்லோரும் நிலத்தைச் சேர்த்து விலங்குகளுக்கு விட்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் தங்கும் முகாம்கள் தரும் குத்தகை குடும்பங்களுக்குப் போகிறது. மாடுகளும் உண்டு, ஆனால் பகுதி பகுதியாக முறை வைத்துத்தான் மேய்ச்சல். சிங்கமும் மாடும் ஒரே புல்வெளியில். இதை வாயால் சொல்வது எளிது.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு நசேரியான் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனோம். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். மண்ணும் சாணமும் பூசிய அந்த வீட்டை அவளே கட்டியிருந்தாள். நடுவில் மாட்டுப் பட்டி: வெளியே ஆள் உயர முள்வேலி, உள்ளே கம்பி வலை, ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய குறுகிய வாசல். நான் நோட்டில் படம் வரைந்துகொண்டேன். மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பின. கால்நடைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கிய கை சும்மா இருக்குமா? விரலை நீட்டி, சத்தமாக எண்ணினேன். “நாற்பத்தேழு!”

நசேரியானின் முகம் சுருங்கிவிட்டது. மோசஸ் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“இங்கே மாட்டையும் பிள்ளைகளையும் எண்ண மாட்டோம், அம்மா. எண்ணினால் குறையும் என்பார்கள்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நம் ஊரிலும் கண்படும் என்று எண்ண விடாத கிழவர்கள் உண்டு. படிவத்தைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன். “எண்ணாமல் எப்படித் தெரியும், ஒன்று குறைந்தால்?” என்றும் கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது. நசேரியான் சாயங்காலம் வரச் சொன்னாள்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் போனோம். அவள் குறுகிய வாசலில் நின்றிருந்தாள். அவள் கணவர் மாடுகளை ஓட்டி வந்தார். ஒவ்வொன்றாக அவள் இடுப்பை உரசிக்கொண்டு நுழைந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனதுக்குள் எண்ணினேன். நாற்பத்தேழு. அப்பாடா, என் கண்ணால் ஒன்றும் குறையவில்லை.

நசேரியான் கணவரைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவர் ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“புள்ளிப் பசு வரவில்லையாம்” என்றார் மோசஸ்.

“இல்லையே, சரியாக இருக்கிறதே!”

“கடைசிக்கு முன்னால் வந்த செவலை பக்கத்து வீட்டு மாடாம்.”

என் கணக்கு சரியாக இருந்தது, பசு காட்டில் இருந்தது. நசேரியான் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டாள். வெளிச்சம் சரியத் தொடங்கிய நேரத்தில், வறண்ட ஓடைக்கரையில் மோசஸ் சட்டென்று பிரேக் போட்டார். புள்ளிப் பசு கன்று ஈன்றிருந்தது. கன்று ஈரமாகத் தரையில் கிடந்தது. ஐம்பது அடி தள்ளி, புதரடியில் ஒரு பெண் சிங்கம் அவசரமே இல்லாமல் படுத்திருந்தது.

யாரும் தடுப்பதற்குள் நசேரியான் இறங்கிவிட்டாள். எதிர்க்கரையிலிருந்து அவள் கணவர் வந்தார். இருவரும் ஓடவில்லை, குனியவில்லை. நிமிர்ந்து, உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார்கள். சிங்கம் எழுந்தது. அதன் கண் என் பக்கம் ஒரு முறை திரும்பியது. உடம்பில் ஒவ்வொரு மயிரும் நின்றது. பிறகு அது முதுகைக் காட்டிப் புல்லுக்குள் நடந்து போனது. அத்தனை அழகான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை.

கன்று மூச்சுக்குத் திணறியது. இது என் தொழில். இறங்கி ஓடி, மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை விரலால் வழித்தெடுத்தேன், வைக்கோல் இல்லாததால் புல்லால் தேய்த்தேன். தும்மியது. அதை மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். தாய்ப்பசு கத்திக்கொண்டே பின்னால் வந்தது. நசேரியான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் தம்பியின் கேள்வியைக் கேட்டேன். மருந்து வைக்க மாட்டீர்களா?

மோசஸ் மொழிபெயர்த்தார். முன்பு அவள் கணவரின் அண்ணன் வைத்தாராம். சிங்கம் அந்தக் கறியைத் தொடவே இல்லை. கழுகுகள் செத்து விழுந்தன, அவர்களுடைய இரண்டு நாய்களும் செத்தன. போன மழைக்காலத்தில் அவளுடைய சாம்பல் பசுவைச் சிங்கம் அடித்தது. அவளுக்கும் ஈட்டியைத் தூக்கத் தோன்றியது. “பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பசு எப்படி நடக்கும், யாரை முட்டும், எவ்வளவு கறக்கும் என்று கேட்டார்கள். நாள் முழுக்கச் சொன்னேன். சாயங்காலம் எழுந்து வேலியை உயர்த்தினேன்” என்றாள்.

வண்டி குலுங்கியது. மடியில் கன்று சூடாக இருந்தது. ‘எண்ணிக்கை 3’ என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது.

பத்தாம் நாள் சங்கரன்கோவிலில் இறங்கி, வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் சிவகிரி. நாய் மணி பாய்ந்து வந்து என் சேலையெல்லாம் மண்ணாக்கியது. பொட்டலம் உத்திரத்திலேயே தொங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.

“என்னக்கா, என்ன செய்யுதாங்க அங்கன?” என்றான்.

நோட்டைத் திறந்து வேலியைக் காட்டினேன். பாதியிலேயே அவன் பார்வை வேறெங்கோ போய்விட்டது. நோட்டை மூடினேன்.

“ஏலே, சிறுத்தை கொண்டு போச்சே, அது எந்த மூணு ஆடு?”

முருகையா தலையை நிமிர்த்தினான். “இப்பத்தான் கேக்கியா?”

“இப்பத்தாம்லே கேக்கத் தெரிஞ்சுது.”

“ஒண்ணு சுட்டிக்கருப்பி. நெத்தியில வெள்ளையா இருக்கும்லா, எங்கிட்டு நின்னு கூப்பிட்டாலும் முத ஆளா வருவா. இன்னொண்ணு கொம்பொடிஞ்சவ. அவ ஆத்தா செத்தப்ப நாந்தான் புட்டிப்பாலு குடுத்தேன்.” மணியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டான். “மூணாவதுக்கு இன்னும் பேரே வைக்கலக்கா. பொறந்து ஒம்பது நாளு.”

அழுதான். நானும் அழுதேன். அந்தக் குட்டியைப் பற்றி அரைமணி நேரம் பேசினான்: எப்படித் துள்ளும், மணியின் முதுகில் எப்படி ஏறி நிற்கும். ஒன்பது நாளில் ஒரு குட்டிக்கு அவ்வளவு கதை இருந்தது.

பிறகு எழுந்து, உத்திரத்திலிருந்து பொட்டலத்தை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்தான்.

“வாங்குன கடையிலயே குடுத்துரு, எக்கா” என்றான். “அப்படியே கம்பி வலை என்ன வெலைன்னும் கேட்டுட்டு வா.”